ஒரே வட்டில் இரண்டு குடித்தனம்: முழு வட்டுக் குறியாக்கம் எதைப் பூட்டுகிறது?

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். முந்தின இரவு ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை நிறுவியிருக்கிறான். காணொளிக்காரர் சொன்னபடி ‘செக்யூர் பூட்’ என்ற அமைப்பையும் அணைத்திருக்கிறான். லினக்ஸ் நன்றாகத் திறந்தது. விண்டோஸுக்குப் போனால் மட்டும் நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க எண் கேட்டது.

“நான் எதையும் பூட்டவே இல்லையே மாமா” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான், அவன் பூட்டவில்லை. வாங்கிய அன்று மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழைந்தபோது கணினி தானாகவே பூட்டிக்கொண்டது. மாற்றுச் சாவியையும் அந்தக் கணக்கிலேயே போட்டுவைத்திருந்தது. கைபேசியில் கணக்கைத் திறந்து எண்ணை எடுத்தோம், தட்டினோம், விண்டோஸ் வந்தது. வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கேட்ட கேள்விகள்தான் மதியச் சாப்பாடு வரை நீண்டன. அவற்றை வைத்தே இதை எழுதுகிறேன். ‘முழு வட்டுக் குறியாக்கம்’ என்ற பெயரைக் கேட்டால் வட்டு முழுவதும் ஒரே பூட்டுக்குள் இருப்பதாகத் தோன்றும். ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கும்போது அந்த எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

கடவுச்சொல் காவலாளி மட்டுமே

முதல் குழப்பம், விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல்லைப் பூட்டு என்று நினைப்பது. அது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி. வாசல் வழியாக வருபவரைத்தான் அவரால் கேள்வி கேட்க முடியும். கொல்லைப்புறச் சுவர் இல்லாத வீட்டுக்கு அவர் என்ன காவல் காப்பார்?

பூட்டப்படாத ஒரு கணினியில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். கோப்பு மேலாளரில் விண்டோஸின் சி டிரைவ் ஒரு சாதாரண அடைவுபோலத் தெரியும். சொடுக்கினால் உங்கள் பெயரிலுள்ள அடைவு, அதற்குள் ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள், எப்போதோ ஸ்கேன் செய்த ஆதார் அட்டை என்று எல்லாம் வரிசையாக வரும். கடவுச்சொல் என்ற பேச்சே வராது. அதைக் கேட்கவேண்டிய விண்டோஸ் அப்போது ஓடவே இல்லை.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் இதற்குப் பென் டிரைவ்கூட வேண்டாம். கொல்லை வழி ஏற்கெனவே வீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது.

குறியாக்கம் என்ன செய்கிறது

ஜவுளிக் கடைகளில் துணிச் சீட்டின் ஓரத்தில் புரியாத எழுத்துகள் சில இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில கடைகளில் அது வாங்கிய விலை. பத்தெழுத்துள்ள ஒரு சொல்லைக் கடைக்காரர் மனத்தில் வைத்துக்கொள்வார். முதல் எழுத்து 1, அடுத்தது 2 என்று கணக்கு. சீட்டு எல்லோர் கண்ணிலும்தான் படுகிறது. சொல் தெரிந்தவருக்கு அது விலை, மற்றவருக்கு வெறும் எழுத்து.

குறியாக்கத்தின் அடிப்படையும் இதுதான்: ஒரு சாவியைக் கொண்டு தகவலை, அந்தச் சாவி இல்லாதவருக்குப் பொருளற்ற குப்பையாக மாற்றி எழுதுவது. கடைக்காரரின் சங்கேதத்தைச் சற்று யோசித்தால் உடைத்துவிடலாம். இன்றைய கணினிகள் பயன்படுத்தும் ஏஇஎஸ் முறையை அப்படி உடைக்க முடியாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் வடிவமைத்து, அமெரிக்க அரசு 2001இல் தரநிலையாக ஏற்ற முறை அது. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரும் லினக்ஸின் வட்டுப் பூட்டான லக்ஸும் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

கணினியை அணைக்கும்போது எல்லாக் கோப்புகளும் பூட்டப்படுகின்றன, திறக்கும்போது எல்லாம் விரிக்கப்படுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு நாளும் கணினியைத் திறக்க அரைநாள் ஆகும். வட்டில் இருப்பது எப்போதும் சங்கேதமாகவே இருக்கிறது. நீங்கள் ஒரு படத்தைத் திறந்தால், அந்தப் படத்துக்குரிய துண்டுகள் மட்டும் வட்டிலிருந்து வரும் வழியில் விடுவிக்கப்பட்டு நினைவகத்துக்குப் போகின்றன. சேமித்தால், போகும் வழியிலேயே மீண்டும் சங்கேதமாகின்றன. இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே இன்றைய செயலிகளில் தனி வசதி இருப்பதால் அன்றாட வேலையில் வேகக் குறைவு கண்ணுக்குத் தெரியாது.

பெட்டிக்குள் இருக்கும் பீரோ சாவி

வட்டை உண்மையில் பூட்டுவது நீங்கள் தட்டும் கடவுச்சொல் அன்று. நிறுவும் நேரத்தில் கணினி தற்போக்காக ஒரு நீண்ட எண்ணை உருவாக்கிக்கொள்கிறது. இதை முதன்மைச் சாவி என்போம். வட்டு முழுவதும் இதனால்தான் சங்கேதமாகிறது. பிறகு அந்தச் சாவியையே ஒரு சிறு பெட்டியில் போட்டு, குறியாக்கத்துக்கென்று நீங்கள் தரும் தனிக் கடவுச்சொல்லால் அந்தப் பெட்டியைப் பூட்டி, வட்டின் ஒரு மூலையில் வைத்துவிடுகிறது. பீரோ சாவியை எண் பூட்டுள்ள பெட்டியில் வைப்பது போல.

இதனால் இரண்டு வசதிகள். கடவுச்சொல்லை மாற்றினால் பெட்டியின் பூட்டு மட்டும் மாறுகிறது, வட்டு முழுவதையும் மறுபடி எழுதவேண்டியதில்லை. அடுத்தது, ஒரே பீரோ சாவியின் நகல்களைப் பல பெட்டிகளில், பல பூட்டுகளோடு வைக்கலாம். லக்ஸின் முதல் பதிப்பில் 8 பெட்டிகள், இரண்டாம் பதிப்பில் 32 வரை. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணும் இத்தகைய மாற்றுப் பெட்டி ஒன்றின் பூட்டுதான்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. லக்ஸில் அந்தப் பெட்டிகள் பூட்டிய பகுதியின் தொடக்கத்தில், தலைப்பு எனப்படும் சில மெகாபைட் இடத்தில் இருக்கின்றன. தவறுதலாக அதன்மேல் வேறெதையாவது எழுதிவிட்டால் கடவுச்சொல் நினைவிருந்தும் பயனில்லை. பீரோ சாவியே போய்விட்டது. மீதமுள்ள நூற்றுக்கணக்கான ஜிபி அப்படியே இருக்கும், ஒருவராலும் படிக்க முடியாது. அந்தத் தலைப்பை மட்டும் நகலெடுத்து வேறோரிடத்தில் வைக்க லினக்ஸில் வழி இருக்கிறது. நிறுவிய அன்றே அதைச் செய்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது: உள்நுழையும் கடவுச்சொல் காவலாளி, குறியாக்கம்தான் பூட்டு. வட்டில் உள்ளது எப்போதும் சங்கேதம். அதைத் திறப்பது முதன்மைச் சாவி, அந்தச் சாவியைத் திறப்பது குறியாக்கத்துக்கான கடவுச்சொல்லோ மீட்பு எண்ணோ.

‘முழு’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

ஒரு காம்பவுண்டுக்குள் இரண்டு குடித்தனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு பூட்டு. தெருக்கதவிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக நடுவில் ஒரு நடை. அந்த நடைக்குப் பூட்டு இல்லை.

உங்கள் வட்டும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது. ஒரே வட்டைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதைப் பார்ட்டிஷன் என்கிறோம். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் விண்டோஸின் சி டிரைவ் ஒரு பார்ட்டிஷன், லினக்ஸ் இன்னொன்று. இவை போக, எல்லாவற்றுக்கும் முன்னால் சில நூறு மெகாபைட் அளவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒன்று உண்டு. அதுதான் நடை. இரண்டு இயங்குதளங்களையும் தொடங்கிவைக்கும் சிறு மென்பொருள்கள் அங்கே இருக்கின்றன.

அதை ஏன் பூட்டக்கூடாது? மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் மென்பொருள். நாம் இன்னும் பழக்கத்தால் பயாஸ் என்று சொல்லுவது. அதற்குப் பிட்லாக்கரும் தெரியாது, லக்ஸும் தெரியாது. ஃபேட் என்ற பழைய, எளிய அமைப்பில் எழுதிய கோப்புகளை மட்டும் படிக்கத் தெரியும். பூட்டைத் திறக்கும் ஆளையே பூட்டிய அறைக்குள் வைத்தால் யார் வந்து திறப்பது? ஆகவே நடை திறந்தே கிடக்கிறது. பல லினக்ஸ் நிறுவல்களில் பூட் பார்ட்டிஷனும், விண்டோஸில் பழுது நீக்கும் மீட்புப் பார்ட்டிஷனும் அப்படியே.

ஆக, ‘முழு வட்டுக் குறியாக்கம்’ என்று நாம் சொல்வது நடைமுறையில் ‘ஒரு குடித்தனத்தின் வீட்டுப் பூட்டு’. பிட்லாக்கர் சி டிரைவைப் பூட்டும், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காது. லக்ஸும் தன் பார்ட்டிஷனோடு நின்றுவிடும். விண்டோஸை மட்டும் பூட்டிவிட்டு, லினக்ஸைத் திறந்துபோட்டு, அதன் பிரவுசரில் மின்னஞ்சல் கடவுச்சொல்லைச் சேமித்துவைத்திருப்பவர் வீட்டைப் பூட்டிய திருப்தியோடு நகைகளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர்.

இரு குடித்தனமும் ஒருவரை ஒருவர் பார்க்கும் விதம் சுவையானது. பூட்டிய விண்டோஸ் பார்ட்டிஷனை இன்றைய லினக்ஸ்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. கோப்பு மேலாளரில் சொடுக்கினால் சாவி கேட்கும், 48 இலக்க எண்ணைக் கொடுத்தால் திறக்கவும் செய்யும். விண்டோஸுக்கு அந்த மரியாதை தெரியாது. லக்ஸால் பூட்டிய பார்ட்டிஷன் அதன் வட்டு மேலாண்மைத் திரையில் பெயரில்லாத ஒரு பெட்டியாக மட்டும் தெரியும். ‘இது என்ன, வீணாகக் கிடக்கிறதே’ என்று அதை அழித்து சி டிரைவோடு சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. பூட்டு படிப்பதைத்தான் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது. இரும்புப் பெட்டியைத் திறக்க முடியாதவனாலும் அதைத் தூக்கிக் கிணற்றில் போட முடியும்.

இரண்டு வீட்டையும் சேர்த்து, வட்டே தன்னைப் பூட்டிக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்டி எனப்படும் சில்லு வகை வட்டுகள் சிலவற்றுக்குள்ளேயே குறியாக்கச் சில்லு இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் பரவலாக விற்பனையான சில எஸ்எஸ்டிக்களைப் பிரித்து ஆராய்ந்து, கடவுச்சொல் இல்லாமலே அவற்றைத் திறக்க முடிவதைக் காட்டினார்கள். மறுவருடம் முதல் பிட்லாக்கர், வட்டின் சொந்தக் குறியாக்கத்தை நம்புவதை விட்டுவிட்டு, வேறு உத்தரவு இல்லாதபோது தானே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. வீட்டுக் கணினிக்கு அந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

சுருக்கமாக: இரண்டு இயங்குதளம் என்றால் இரண்டு தனிப் பூட்டுகள், இரண்டு தனிச் சாவிகள், நடுவில் பூட்டில்லாத ஒரு நடை.

நீலத் திரை ஏன் வந்தது

இனி அக்கா மகனின் கதைக்கு வரலாம். லினக்ஸ் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டுப் பூட்டைத் திறக்கிறது. விண்டோஸ் பெரும்பாலும் கேட்பதே இல்லை. பூட்டு இருந்தும் எப்படித் தானாகத் திறக்கிறது?

அதற்குக் காரணம் டிபிஎம். தாய்ப்பலகையில் தனிச் சில்லாகவோ செயலிக்குள்ளேயோ இருக்கும் சிறிய பாதுகாப்புப் பெட்டகம் அது. 2021இல் வந்த விண்டோஸ் 11 இதைக் கட்டாயமாக்கியது. பிட்லாக்கர் தன் முதன்மைச் சாவியைத் திறக்கும் ரகசியத்தை இதனிடம் ஒரு நிபந்தனையோடு ஒப்படைக்கிறது: ‘கணினி இன்று தொடங்கிய அதே விதத்தில் தொடங்கினால் மட்டும் கொடு.’

அதே விதம்தான் என்று சில்லுக்கு எப்படித் தெரியும்? ரசம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புளிக்கரைசல், தக்காளி, மிளகு, சீரகம் என்று ஒவ்வொன்றாகப் போகிறது. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முடிவில் ருசி காட்டிக்கொடுத்துவிடும். கணினி தொடங்கும்போது ஒவ்வொரு கட்டமும், அடுத்து வரும் மென்பொருளின் கைரேகை போன்ற ஒரு சுருக்க எண்ணை டிபிஎம்முக்குள் கலக்கிறது. அங்கேயும் சேர்க்கத்தான் முடியும், எடுக்க முடியாது. கடைசியில் ருசி பழையபடி இருந்தால் சாவி கிடைக்கும். இல்லையென்றால் டிபிஎம் வாயைத் திறக்காது. விண்டோஸ் வேறு வழியின்றி உங்களிடம் 48 இலக்கத்தைக் கேட்கும்.

ரசத்தில் சேரும் முக்கியமான பொருள் செக்யூர் பூட். நடையிலிருக்கும் தொடக்க மென்பொருளில் நம்பகமான கையொப்பம் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அதை ஓடவிடும் ஏற்பாடு அது. அது இயங்குகிறதா, யாருடைய சான்றிதழ் கையொப்பத்துக்குச் சாட்சி சொன்னது என்பதெல்லாம் கலவையில் சேர்கின்றன. அக்கா மகன் அதை அணைத்தான், ருசி மாறியது. எதுவும் பழுதாகவில்லை. கணினியை யாரோ கலைத்திருக்கிறார்கள் என்று டிபிஎம் சரியாகவே சந்தேகப்பட்டது. கலைத்தவன் வீட்டுக்காரனே என்பது அதற்கு எப்படித் தெரியும்?

செக்யூர் பூட்டை அணைக்காமலே லினக்ஸை நிறுவியவர்களுக்கும் இந்தத் திரை வருவதுண்டு. கணினி தொடங்கியதும் எந்த இயங்குதளம் என்று கேட்கும் கிரப் பட்டியலை லினக்ஸ் வைக்கிறது. அதன் வழியாக விண்டோஸுக்குப் போனால், இடையில் லினக்ஸின் தொடக்க மென்பொருளும் அதற்குச் சாட்சி சொன்ன வேறொரு சான்றிதழும் ரசத்தில் விழுந்துவிடுகின்றன. தீர்வு மிக எளிது. விண்டோஸ் வேண்டும்போது கிரப்பைத் தொடாமல், கணினியின் சொந்தத் தொடக்கப் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுங்கள். பல மடிக்கணினிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப் விசை. அந்த வழியில் ரசம் பழைய ரசமே.

இரு குடித்தனமும் நடையைப் பங்கிட்டுக்கொள்வதால் வரும் தொல்லைக்கு 2024 ஆகஸ்டைவிட நல்ல உதாரணம் இல்லை. அம்மாதம் 13ஆம் தேதி வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, பாதுகாப்புக் குறையுள்ள பழைய தொடக்க மென்பொருள்களைச் செக்யூர் பூட் இனி ஏற்கக்கூடாது என்று ஒரு தடையை எழுதியது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளில் இது செயல்படாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சில கணினிகளில் இரண்டாவது இயங்குதளம் இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. மறுநாள் லினக்ஸைத் திறக்கப் போனவர்களுக்கு ‘ஏதோ பெருந்தவறு நடந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு வரி வந்து கணினி அணைந்தது. உள்ளே போகக் கைவசம் இருந்த வழி, செக்யூர் பூட்டை அணைப்பது. அணைத்தால், பிட்லாக்கர் உள்ளவர்களுக்கு விண்டோஸ் பக்கம் நீலத் திரை. ஒரு வீட்டுக்காரர் நடையில் தாழ்ப்பாள் போட்டார். அடுத்த வீட்டுக்காரர் அதைப் பெயர்த்தார். உடனே முதல் வீட்டின் அலாரம் அடித்தது.

எதற்குப் பயன், எதற்கு இல்லை

ரயிலில் தொலைந்த மடிக்கணினி, பழுது பார்க்கக் கடையில் விட்ட கணினி, விற்றுவிட்ட பழைய வட்டு. இந்த மூன்றிலும் குறியாக்கம் முழுப் பயன் தரும். வைரஸுக்கு இது மருந்தில்லை. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டு திறந்திருக்கிறது, நீங்கள் படிக்கும் எதையும் வைரஸும் படிக்கும்.

மூடியை மடித்து உறக்கநிலையில் வைத்தாலும் முதன்மைச் சாவி நினைவகத்திலேயே இருக்கிறது. 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் நினைவகச் சில்லைக் குளிரவைத்து, மின்சாரம் நின்ற பிறகும் அதிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்கள். பயணத்தில் கணினியை முழுவதும் அணைத்துவிடுங்கள். பூட்டில்லாத நடைக்கும் இதுபோல ஒரு பாடம் உண்டு. நீங்கள் இல்லாத நேரத்தில் ஒருவர் அறைக்கு வந்து தொடக்க மென்பொருளையே மாற்றிவைத்தால், அடுத்த முறை நீங்கள் தட்டும் கடவுச்சொல் அவரிடம் போகும். போலந்தின் ஜோவானா ருட்கோவ்ஸ்கா 2009இல் இதைச் செய்து காட்டி, விடுதி அறையைத் துப்புரவு செய்ய வரும் பணிப்பெண்ணை வைத்து இதற்குப் பெயரும் சூட்டினார். செக்யூர் பூட்டை அணைத்துவைக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இதுதான்.

நிறுவும்போது

முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். அடுத்து, உங்கள் விண்டோஸ் ஏற்கெனவே பூட்டியிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். 48 இலக்க எண்ணைக் கைக்கு எடுக்காமல் மேலே போகாதீர்கள். பிறகு பிட்லாக்கரை அணைத்துவிட்டு, விண்டோஸைக் கொண்டே சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்குங்கள். பூட்டு இருந்தால் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் நிறுவியே ‘முதலில் அதை அணைத்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பியதுண்டு. லினக்ஸை அந்த இடத்தில் நிறுவும்போது குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் அது ஒரு சிறு கட்டத்தில் டிக் செய்கிற வேலை. வேறு சிலவற்றில் ‘வட்டு முழுவதையும் அழித்து’ என்ற தேர்வோடு மட்டும்தான் குறியாக்கம் வரும். அவசரத்தில் அதை அழுத்தினால் விண்டோஸ் போய்விடும். எல்லாம் முடிந்து, கணினியின் சொந்தப் பட்டியல் வழியாக விண்டோஸுக்குள் நுழைந்து, கடைசியாகப் பிட்லாக்கரைத் திரும்பப் போடுங்கள்.

இரண்டிலும் பயன்படுத்தும் கோப்புகளுக்கு வேராகிரிப்ட் நல்லது. இரு பக்கமும் ஓடும் இலவச மென்பொருள், பூட்டிய ஒரு பெட்டியைக் கோப்பாக உருவாக்கித் தரும்.

மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். அக்கா மகன் அன்றே அதை அக்காவின் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். இரண்டு மாதம் கழித்து விடுதியில் பயாஸ் புதுப்பிப்பு ஒன்று வந்து, மறுபடி நீலத் திரை. அக்கா கைபேசியில் எண்ணை வாசிக்க, அவன் தட்டினான். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஐந்தாவது தொகுதியைக் கணினி ஏற்க மறுத்தது. மொத்தமும் தட்டி முடிக்குமுன்பே தவறு என்று அதற்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படியே அந்த எண் உருவாக்கப்படுகிறது. 417142 வகுபடும். நடுவிலுள்ள 7ஐ 1 என்று படித்து 411142 என்று தட்டினால் மீதி 6 வரும். இப்படி ஓர் இலக்கம் பிசகினால் எப்போதும் மாட்டிக்கொள்ளும். அவனுக்கு நடந்ததும் இதேதான். அவன் கையெழுத்தில் 7க்கும் 1க்கும் வேறுபாடு இல்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்த பிறகுதான் விண்டோஸ் திறந்தது.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்திலுள்ள எல்லா 7க்கும் குறுக்கே ஒரு சிறு கோடு போட்டுவைத்தான்.